இரட்டைத் திரி விளக்கு

அக்கா: [படம்] பர்மிங்காம் பழம்பொருள் சந்தையில் இந்தப் பித்தளை மண்ணெண்ணெய் விளக்கைப் பார்த்தேன். திருகில் ‘ஹிங்க்ஸ்’ என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா, பெரியப்பா?

பெரியப்பா: சிம்னியைக் கழற்றி, பர்னரை மேலிருந்து படமெடுத்து அனுப்பம்மா. திரி வாய் ஒன்றா, இரண்டா?

அக்கா: இரண்டு, ஒட்டினாற்போல்.

பெரியப்பா: அப்படியானால் டூப்ளெக்ஸ், அதாவது இரட்டைத் திரி பர்னர். அந்த ஊர்ச் சரக்கேதான்! ஜேம்ஸ் ஹிங்க்ஸ் அண்ட் சன், கிரேட் ஹாம்ப்டன் தெரு. 1865இல் காப்புரிமை பெற்றார்கள்.

தம்பி: கூடுதலாக ஒரு திரி போட்டதற்கா காப்புரிமை?

பெரியப்பா: கேலி செய்யாதே. இரண்டு தட்டைத் திரிகளை நெருக்கி வைத்து, இடையிலும் காற்று புக வழி விட்டார்கள். ஒரு சுடரின் சூடு இன்னொன்றுக்குத் துணை. வெளிச்சம் கூடியது. போட்டியாளர்களோடு வழக்கு 1876இல் நீதிமன்றம் வரை போனது. பயனில்லாத பொருளுக்கு யார் அடித்துக்கொள்வார்கள்?

அத்தை: அதற்கு முன்பு விளக்கே இல்லையா அண்ணா?

பெரியப்பா: இருந்தது. திமிங்கில எண்ணெயும், கடுகு இனத்து விதையில் ஆட்டிய கோல்சா எண்ணெயும் கெட்டியானவை. திரிக்கு ஏற்றுவதற்குள் சுருள்வில், கடிகாரப் பொறி என்று பெரும்பாடு. மண்ணெண்ணெய் தானே ஏறிவிடும். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து எண்ணெய் வடிக்க 1850இல் பெற்ற காப்புரிமை 1864இல் முடிந்தது. அமெரிக்காவிலோ 1859இலேயே பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டார்கள். எண்ணெய் மலிந்தது, விளக்குக்காரர்கள் பிழைத்தார்கள். என்னைக் கேட்டால், ஹிங்க்ஸின் பாதிப் புகழ் அந்தக் கிணற்றுக்குச் சேர வேண்டும்.

அத்தை: விளக்கு வெடித்து வீடு எரிந்த கதையை மட்டும் விட்டுவிட்டீர்களே.

பெரியப்பா: எளிதில் பற்றும் லேசான எண்ணெயான நாப்தாவைக் கலந்து விற்றவர்கள் செய்த பாவம் அது. 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே பற்றும் ஆவி விடுகிற எண்ணெயைச் சேமிக்க 1862இலேயே சட்டம் கட்டுப்பாடு வைத்தது. திறந்த கிண்ணச் சோதனையில் ஏமாற்ற இடமிருந்ததால், 1879இல் வேதியியலாளர் ஏபெலின் மூடிய கிண்ணச் சோதனை வந்தது. அதில், பழைய 100க்கு ஈடான வரம்பு 73 டிகிரி.

தம்பி: 23 செல்சியஸ்தானே! நம் ஊரில் மார்கழி மதியத்திலேயே அதைத் தாண்டிவிடும்.

பெரியப்பா: அதனால்தான் அணைக்கும் நெம்புகோலை நான் மெச்சுகிறேன். சிம்னிக்குள் ஊதினால் சுடர் எண்ணெய்த் தொட்டிக்கே இறங்கக்கூடும். இதில் நெம்புகோலைத் தட்டினால் தகடுகள் எழுந்து இரண்டு திரிகளையும் மூடிவிடும்.

தம்பி: பிறகு மின்சாரம் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டதா?

பெரியப்பா: உடனே இல்லை. 1885இல் வெல்ஸ்பாக் என்பவரின் மேண்டில், அதாவது சுடரின் சூட்டில் ஒளிரும் வலையுறை வந்து, நகரங்களில் காஸ் விளக்குக்குத்தான் புது உயிர் கொடுத்தது. குழாயும் கம்பியும் எட்டாத கிராமத்து வீடுகளில் எண்ணெய் விளக்கு நெடுநாள் நின்றது.

அக்கா: கடைக்காரர் 80 பவுண்டு கேட்கிறார்.

அத்தை: பாதிக்குக் கேள்.

பெரியப்பா: முதலில் நெம்புகோல் அசைகிறதா என்று பார். துருப்பிடித்து இறுகியிருந்தால் பாதியும் அதிகம்.