அம்மம்மாவின் குடமும் 83ஆம் உறுப்புரையும்

நல்லூர் மாணவி:
உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். இலங்கை அரசியல் யாப்புத் திருத்தம் என்று வந்தால் 82ஆம், 83ஆம் உறுப்புரைகள் இரண்டும் குழம்பிவிடுகின்றன. நேற்று வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மம்மா, "விளக்கும் குடமும் எல்லே? நான் குடத்துக்குத்தான் போட்டனான்" என்றார். என் குறிப்பில் விளக்குமில்லை, குடமுமில்லை. யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

கொக்குவில் வாத்தியார்:
பிள்ளை, அம்மம்மாவுக்கு நல்ல ஞாபகம். அது 1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றம் தேர்தலுக்குப் போகாமலே இன்னும் 6 வருடம் இருக்கலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். வேட்பாளர் பெயரே இல்லாத வாக்குச்சீட்டை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தேன். இலங்கையில் இன்றுவரை சர்வசன வாக்கெடுப்பு நடந்தது அந்த ஒருமுறைதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். 82இன்படி சாதாரணத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு வேண்டும். சபைக்கு வந்தவர்களில் அல்ல, வராதவர்களையும் சேர்த்த மொத்தத்தில். 225 பேருக்கு 150. அன்று 168 பேர், ஆகவே 112. ஒற்றையாட்சி, இறைமை, பௌத்தத்துக்கு முதன்மை இடம், பாராளுமன்றத்தை 6 வருடத்துக்கு மேல் நீட்டுவது போன்றவற்றில் கைவைத்தால் 83 வரும். அப்போது மூன்றில் இரண்டும் போதாது, மக்களிடமும் கேட்க வேண்டும்.

எனக்கு இன்றும் நோவது இதுதான். நாடு முழுவதும் 54.66 வீதம் விளக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துக்கு ஒன்பது குடம். ஆனால் எல்லா வாக்கையும் ஒரே குவியலாகத்தான் எண்ணினார்கள், 83 அதைத்தான் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் மொத்தப் பெரும்பான்மையோடு 6 மாநிலங்களில் 4 தனித்தனியாக ஆம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 50இல் 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். ஓர் இடத்து மக்களின் குரலைத் தனியாக எண்ணுகிற அந்த வழி நம் யாப்பில் எழுதப்படவே இல்லை.

சுன்னாகம் வாசகர்:
ஐயா, அப்படியென்றால் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம்? மாகாண சபை ஒற்றையாட்சியைத் தொடும் விஷயம்தானே, அதற்கு ஏன் மக்களிடம் போகவில்லை?

கொக்குவில் வாத்தியார்:
தம்பி, அதே கேள்வி 1987இல் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 9 நீதியரசர்கள், 5க்கு 4. வாக்கெடுப்பு தேவையில்லை என்றது ஐவரின் முடிவு. ஒருவர் மாறியிருந்தால் கதையே வேறு. 1983இல் வந்த 6ஆம் திருத்தம் தனிநாட்டுக்கு எதிராகக் கேட்ட சத்தியப்பிரமாணத்தால் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்திருந்தார்கள். தமிழராகிய நமக்கென்று வந்த இந்த 13ஆம் திருத்தம் நிறைவேறியபோது அவர்கள் சபையில் இல்லை.

1972 யாப்பு வந்த விதம் இன்னும் வேறு மாதிரி. அதற்கு முன் இருந்த சோல்பரி யாப்பின் 29(2), ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாகுபாடு செய்யும் சட்டத்தைத் தடுத்தது. அந்த யாப்பைத் திருத்தவே இல்லை. கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை என்று புதிதாகக் கூடி, தனியாக ஒரு யாப்பு செய்தார்கள். தமிழரசுக் கட்சி 1971இலேயே வெளியேறிவிட்டது. 1972 மே 22இல் 119க்கு 16 என்று நிறைவேறியது. பிள்ளை, விடைத்தாளில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுது. 1978 யாப்பு அப்படி அல்ல, 1972 யாப்பின் வழியாகவே மாற்றி வந்தது.

நல்லூர் மாணவி:
நன்றி சேர், 150 கணக்கு இப்போது பிடிபட்டுவிட்டது. அம்மம்மாவுக்கு 54.66 என்று வாசித்துக் காட்டினேன். கத்தியை வைத்துவிட்டு, "இஞ்ச எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார்.