2015 சூப்பரெத்தான் பருவம்: சுற்றுவாரியான விவரங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். சுவீடன் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு லீகான சூப்பரெத்தானின் 2015ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றித் தமிழில் விரிவான கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன். 16 அணிகள் தலா 30 ஆட்டங்கள் ஆடிய அப்பருவத்தில் யோன்ஷோப்பிங்ஸ் சோத்ரா முதலிடம் பெற்றது. கிரஹாம் பாட்டர் பயிற்றுவித்த ஓஸ்தர்சுந்த், இரண்டாமிடம் பெற்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக உயர்நிலை லீகான ஆல்ஸ்வென்ஸ்கானுக்கு முன்னேறியது. 2011இல் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி அது என்பதால், இந்த ஏற்றத்தை இறுதிப் பட்டியலைக் கொண்டு மட்டும் எழுதுவது நியாயமாகாது என்று கருதுகிறேன்.

முதலிரு இடங்களுக்கு மட்டுமே நேரடி உயர்வு, மூன்றாம் அணிக்குத் தகுதிகாண் ஆட்டங்கள் என்ற விதி இருந்ததால், கடைசிச் சுற்றுகளில் நிலை எவ்வாறு மாறியது என்பதே எனக்கு முக்கியம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இருந்த புள்ளிப்பட்டியலோ, அன்றைய செய்தித்தாள் நறுக்குகளோ உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். சுவீடிஷ் மொழி அறிந்தவர்கள் அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல முன்வந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.