ஸ்கிரைபஸ் பிடிஎஃப்: கருப்பு எழுத்து நாலு பிளேட்டிலும் விழுகிறது

வெண்தாள் எழுதியது:

வணக்கம். ஏ5 அளவில் ஒரு கவிதைத் தொகுப்பை ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கருப்பு, இடையிடையே பக்கம் முழுக்க வண்ணப் படங்கள். அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃப், "பிளீட் இல்லை, டெக்ஸ்ட் நாலு கலரில் இருக்கிறது, எக்ஸ்-1ஏ அனுப்பவும்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. பிளீட் என்றால் வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் ஓரம், எக்ஸ்-1ஏ என்றால் அச்சுக்கான ஒரு பிடிஎஃப் வகை என்பது மட்டும் தெரியும். திரையில் கருப்பு கருப்பாகத்தானே தெரிகிறது? பிடிஎஃப் பதிப்புப் பட்டியலில் எக்ஸ்-1ஏ என்ற பெயரையே காணோம். எழுத்துருவை அவுட்லைன் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

ஓரச்சீவல் எழுதியது:

அவுட்லைன் வேண்டாம். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சின்ன எழுத்துகள் தடித்துத் தெரியும், பிடிஎஃப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. எழுத்துருவை எம்பெட் செய்தால் (பிடிஎஃப்புக்குள்ளேயே பொதித்தால்) போதும், எக்ஸ்-1ஏ கேட்பதும் அதைத்தான்.

மைக்கறை எழுதியது:

முதலில் கருப்பைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் இரண்டு மூன்று டிக்கில் முடிகிற வேலை.

கவிதைகளை வேர்டிலோ லிப்ரே ஆபீசிலோ தட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்திருப்பீர்கள். அதோடு ஓர் ஆர்ஜிபி கருப்பும் (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கில் வரும் கருப்பு) ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அது அச்சுக்கான நாலு மைக் கணக்குக்கு, அதாவது சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது தனிக் கருப்பாக மாறாது, நாலு மையாகப் பிரிந்துவிடும். எந்த மை எவ்வளவு என்பது ப்ரொஃபைலைப் (வண்ணத்தை மை அளவாக மாற்றும் கோப்பு) பொறுத்தது. அமெரிக்க ஸ்வாப் ப்ரொஃபைலில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவீதம் மை, அதுவும் ஒரு காற்புள்ளிக்கு! மெஷினில் தாள் மயிரிழை நகர்ந்தால் போதும், 'ண'வின் சுழிக்குள்ளே வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் எட்டிப் பார்க்கும். திரையில் இது தெரியவே தெரியாது.

எடிட் மெனுவில் கலர்ஸ் பட்டியலைத் திறந்து அந்த ஆர்ஜிபி கருப்பை நீக்குங்கள். பதிலுக்கு எதைப் போடுவது என்று கேட்கும், 'பிளாக்' கொடுங்கள். அது கருப்பு மை மட்டும் 100. பக்கத்திலேயே 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒன்று உத்தமன் போல உட்கார்ந்திருக்கும். அதுவும் கருப்பாகத்தான் தெரியும், ஆனால் மைக்கு ஒன்றாக இருக்கும் நாலு பிளேட்டிலும் (அச்சுத் தகடு) 100. வெட்டுக்குறிகளுக்கானது, எழுத்துக்குத் தொடாதீர்கள்.

எக்ஸ்-1ஏ தெரியாததற்குக் காரணம், கலர் மேனேஜ்மென்ட் அணைந்திருப்பது. டாகுமென்ட் செட்டப்பில் அதை இயக்கி, அச்சகம் சொல்லும் ப்ரொஃபைலைப் பிரின்டர் இடத்தில் வையுங்கள். பிறகு பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியின் பிரீ-பிரஸ் பக்கத்தில் 'இன்ஃபோ ஸ்ட்ரிங்' என்ற கட்டத்தில் நூலின் பெயரையாவது தட்டுங்கள். அது காலியாக இருந்தால் சேமிக்க விடாது, ஏன் என்றும் சொல்லாது. யார் யோசித்து வைத்த ஏற்பாடோ! சாதாரண பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது கலர் பக்கத்தில் 'ஸ்கிரீன் / வெப்' என்று இருந்தால் 'பிரின்டர்' ஆக்குங்கள். முன்பு எல்லாம் ஆர்ஜிபியாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பிளீட்: டாகுமென்ட் செட்டப்பில் நாலு பக்கமும் 3 மிமீ, ஏற்றுமதியில் 'யூஸ் டாகுமென்ட் பிளீட்ஸ்' டிக். இது இடத்தைத்தான் ஒதுக்கும். படச் சட்டத்தை நீங்கள்தான் பக்கத்துக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். ஏ5 என்றால் முழுப்பக்கப் படம் 154 x 216 மிமீ வரை போக வேண்டும். இழுத்து நீட்டிய பிறகு படத்தின் பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எவ்வளவு என்று பாருங்கள். 300-ல் இருந்த படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 150தான்.

வெண்தாள் எழுதியது:

கலர்ஸ் பட்டியலில் நீங்கள் சொன்ன ஆர்ஜிபி கருப்பு இருந்தது, நீக்கிவிட்டேன். இன்ஃபோ ஸ்ட்ரிங் போட்டதும் பொத்தான் உயிர் பெற்றது. ஆனால் ப்ரிஃப்ளைட் சோதனை இரண்டு பக்கங்களில் டிரான்ஸ்பரன்சி (ஒளிபுகும் தன்மை) என்று எச்சரிக்கிறது. தலைப்புக்குப் பின்னால் மெல்லிய நிழல் வைத்திருக்கிறேன்.

ஓரச்சீவல் எழுதியது:

எக்ஸ்-1ஏ-வில் ஒளிபுகும் பொருளுக்கு இடமில்லை. அதற்குப் பின் வந்த எக்ஸ்-4 வகை ஏற்றுக்கொள்ளும், இன்றைக்கு அதுதான் நல்ல வழி என்பது என் கருத்து.

மைக்கறை எழுதியது:

எக்ஸ்-4 நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது எக்ஸ்-1ஏ. அங்கே இருப்பது பழைய ரிப் (பிடிஎஃப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் கருவி) ஆக இருக்கலாம், நாம் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை. எக்ஸ்-4 வாங்குவார்களா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் நிழலை எடுத்துவிடுங்கள், கவிதைத் தலைப்புக்கு நிழல் எதற்கு?

அனுப்புமுன் அவுட்புட் ப்ரிவியூவில் கருப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் மறைந்து படங்கள் மட்டும் மிஞ்ச வேண்டும். ஒரு வரி மங்கலாக நின்றாலும் அங்கே நாலு மை இருக்கிறது. அப்புறம், பக்கங்களைத் தனித்தனியாகவே அனுப்புங்கள். ஜோடி சேர்ப்பது அவர்கள் வேலை.