புதுப்பிப்பு: சைக்கிளில் வேலைக்குப் போகும் மனம் திரும்பிவிட்டது
தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய பிறகு சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகருக்குச் சைக்கிளில் வேலைக்குப் போக மனமே வரவில்லை என்று எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி, மறுபடியும் ஓட்டுகிறேன்.

தொலைபேசியில் தூரக்கணக்கு வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இன்னொரு மேலதிகாரி போல் நச்சரித்தது. பலித்தது உப்புவெளி அக்கா சொன்ன வழிதான்: ஒருநாள் காலை சைக்கிளில் போய், அதை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவது, மறுநாள் பஸ்ஸில் போய், மாலையில் சைக்கிளில் வருவது. பாதித் தூரம்தான் என்றதும் மனம் முரண்டு பிடிக்கவில்லை.

எதிர்பாராதது, இருக்கையின் உயரம். சைக்கிள் மிதி (பெடல்) கீழ்க்கோடியில் நிற்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படியே உயர்த்தினேன், முழங்கால் வலி போய்விட்டது. சாம்பல்தீவுப் பாலத்து எதிர்காற்று மட்டும் மாறவில்லை. அங்கே இறங்கி உருட்டுகிறேன், வெட்கமில்லை.