தனியாக உருவாக்கிய புதிர் விளையாட்டில் கதையை எங்கே சேர்ப்பது?

கேள்வி

வணக்கம். கோடோ மென்பொருளில் இரண்டு ஆண்டுகளாக நான் தனியாக உருவாக்கி வரும் புதிர் விளையாட்டில் 40 நிலைகள் முடிந்துவிட்டன. கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்துக்குள் கண்ணாடிகளைத் திருப்பி, ஒளியைக் கதவின்மேல் விழச் செய்தால் அடுத்த மாடிக்குப் போகலாம். விளையாடிப் பார்த்த நண்பர்கள் பத்தாவது மாடியை ஒட்டி நிறுத்திவிட்டு, மேலே ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். மூன்று பக்க முன்கதை எழுதிச் சேர்த்தேன். ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. புதிய ஓவியங்கள் வரைய இனி நேரமில்லாத நிலையில், கதையை எங்கே சேர்ப்பது?

மறுமொழி 1

முன்கதையை எடுத்துவிடுங்கள். லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் நாம் செய்யும் வேலை எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதுதான். ஆனால் அன்றைய கூலியை வாடகைக்கும் உணவுக்கும் குளிர்காயும் செலவுக்கும் இரவில் பங்கிட வேண்டியிருப்பதால், சரியான தாள்கள் இல்லாமல் வந்து கெஞ்சுபவரை உள்ளே விடுவதா என்ற முடிவே கதையாகிவிடுகிறது. மைக் பித்தெலின் 'தாமஸ் வாஸ் அலோன்' (2012) விளையாட்டில் வெறும் வண்ணச் செவ்வகங்களே பாத்திரங்கள். பின்னணிக் குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் குணமும் தருவதால், உயரமாகத் தாண்ட முடியாத சின்னஞ்சிறு சதுரத்தின் மனக்குறைகூட நமக்குப் புரிந்துவிடுகிறது.

உங்கள் கண்ணாடிகளை இதற்கு முன் திருப்பியவர் யார்? சில மாடிகளில் அவை ஏற்கெனவே பாதி சரியாகத் திருப்பப்பட்டிருக்கட்டும். பிறகு ஒரு மாடியில், ஒளி வெளியே போகாதபடி யாரோ வேண்டுமென்றே அவற்றைத் திருப்பி வைத்திருக்கட்டும். விளக்கை ஏன் மறைத்தார் என்று அறிய விரும்புபவர் மேலே ஏறுவார். அதற்கு ஓவியமும் தேவையில்லை.

மறுமொழி 2

எனக்கு ஓர் ஐயம். விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டான டெட்ரிஸ் 1984இல் உருவானது. அதில் கதையே இல்லை. யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், அந்த இடத்துப் புதிர்களை முதலில் பார்ப்பது நல்லது.

மறுமொழி 3

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால், கோடோ 4க்கு மாறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். உரையாடலை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும்போது யூனிகோட் குறியீடுகளை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை) ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல், முழு எழுத்துகளாகக் கணக்கிடுங்கள். 'கொ' இரண்டு குறியீடுகள் என்பதால், முதலில் 'க' தோன்றிப் பின்பு 'கொ'வாக மாறி, படிப்பவரின் கண்ணை உறுத்தும். வசனங்களை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால், கதையை எத்தனை முறை மாற்றினாலும் நிரலைத் தொட வேண்டியிருக்காது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திரும்பிப் பார்த்தபோது, ஆறாவது மாடியிலிருந்து பதினைந்தாவது வரை புதிதாக எதையும் நான் அறிமுகப்படுத்தவில்லை என்பது தெரிந்தது. அவற்றில் நான்கை நீக்கிவிட்டு, பத்தாவது மாடியில் விளக்கை மறைத்தவரின் கண்ணாடிகளை வைத்துப் பார்க்கிறேன். விளையாட்டை இதுவரை பார்க்காத இருவரிடம் இந்த வாரம் கொடுக்கிறேன்.