பழைய மோனோடைப் வார்ப்பு இயந்திரத்தைப் பிரிப்பதும் மின்சூட்டுக்கு மாற்றுவதும்

கேள்வி: யாங்கோன் அச்சகத்தார்

வணக்கம். எங்கள் குடும்ப அச்சகத்தின் பின்கட்டில், இங்கிலாந்தின் சால்ஃபோர்ட்ஸில் செய்யப்பட்ட மோனோடைப் காஸ்டர் (அச்சுக்கான ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக வார்க்கும் இயந்திரம்) ஒன்று நெடுநாளாக ஓடாமல் நிற்கிறது. தமிழ் மேட்ரிக்ஸ்கள் (எழுத்தின் முகத்தை வார்க்கும் குழிகள்) பழுதின்றி இருப்பதால், கோயில் அழைப்பிதழ்களையாவது மறுபடியும் ஈய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். எழுத்து உலோகத்தை இளக்க கேஸ் பர்னரில் சூடாகும் தொட்டியை மின்சூட்டுக்கு மாற்ற எண்ணியுள்ளேன். ஆனால் தொட்டியில் உலோகம் உறைந்து, அதை மோல்டுக்குள் தள்ளும் பம்ப் பிஸ்டன் அசையவில்லை. எதிலிருந்து பிரிக்கத் தொடங்குவது? மோல்டையும் (எழுத்தின் உடலை வார்க்கும் அச்சு) கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

மறுமொழி: மோல்மீன், ஓய்வுபெற்ற காஸ்டர் தொழிலாளி

தம்பி, மோல்டில் உப்புத்தாள் படவே கூடாது. அதன் எஃகுக் கட்டைகள் அங்குலத்தில் பத்தாயிரத்தில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாக இழைக்கப்பட்டவை. ஒருமுறை தேய்த்துவிட்டால் எழுத்தின் உடல் அளவு மாறிவிடும், இடுக்கில் ஈயம் பிதுங்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, எண்ணெயிட்டு வைத்தால் போதும். குளிர்நீர் ஓடும் துளைகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனெனில் நீரோட்டம் தடைப்பட்ட மோல்டில் எழுத்து சரியாக உறையாது.

பிஸ்டனைக் குளிர்ந்த நிலையில் தட்டிப் பிடுங்க வேண்டாம், தண்டு வளைந்துவிடும். உலோகம் முழுவதும் இளகிய பிறகு அது தானே விடும். இளக்கும்போதும் மேற்பரப்பிலிருந்து தொடங்க வேண்டும். அடியில் மட்டும் இளகி மேலே ஓடு மூடியிருந்தால், விரியும் ஈயம் வழி தேடிப் பீறிட்டு அடிக்கும். ஈரமான கரண்டியோ கட்டியோ தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு சொட்டு நீர் ஆவியானாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும்.

ஸ்பானர் விஷயத்திலும் கவனம் தேவை. அக்காலத்து இங்கிலாந்து இயந்திரங்களில் விட்வொர்த் புரிகள் (பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகுப் புரிகள்) பரவலாக இருந்தன. அவற்றின் கோணம் 55 பாகை, மெட்ரிக் புரிக்கு 60. எனவே மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் பழைய புரி சிதைந்துபோகும்.

மறுமொழி: மண்டலே, மின்பணியாளர்

மின்சூட்டுக்கு மாற்றுவது நல்ல யோசனை. கே வகைத் தெர்மோகப்பிளும் (வெப்பம் அளக்கும் உணரி) வெப்பத்தைத் தானே சீராக்கும் பி.ஐ.டி. கட்டுப்படுத்தியும் வைத்தால், வார்ப்புக்கு வேண்டிய சுமார் 350 பாகை செல்சியஸைப் பர்னரைவிடச் சீராக நிலைநிறுத்தலாம். ஆனால் சூட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலே (மின்னணு சுவிட்ச்) பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, அதைச் சாராத ஓர் உச்சவரம்புத் தெர்மோஸ்டாட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டரும் தனியாக வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தெர்மோகப்பிளின் உறை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உலோகத்தில் படும் இடத்தில் பித்தளைப் பொருத்தியோ கால்வனைஸ் செய்த திருகோ வேண்டாம். அவற்றிலுள்ள துத்தநாகம் சிறிதளவு கலந்தாலும் காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயக் கலவை ஓட்டம் கெட்டு, எழுத்தின் முகம் நிரம்பாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இங்கே மின்வெட்டு அடிக்கடி வருகிறது. வார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது?

மறுமொழி: மோல்மீன், ஓய்வுபெற்ற காஸ்டர் தொழிலாளி

உடனே பம்பைத் தூக்கி, பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்துவிடுங்கள். இந்தக் கலவை ஏறக்குறைய 240 பாகையில்தான் முழுவதும் உறையும். தொட்டி நிறைய உலோகம் இருந்தால் அந்த வேலைக்கு அவகாசம் கிடைக்கும். உலோகம் வெளிவரும் நாசிலையும் மோல்டிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லையென்றால் துளை அடைத்துக்கொள்ளும். நாங்கள் அந்தி வேலை முடிந்ததும் நாள்தோறும் இதைச் செய்தோம். மின்வெட்டுக்கும் அதே முறைதான். பழைய பர்னரைக் கழற்றினாலும் எண்ணெயிட்டுச் சுற்றி, இயந்திரத்தின் அருகிலேயே வைத்திருங்கள். கசடை வழித்தெடுக்கும்போது தூள் பறக்காமல் மூடிய டப்பாவில் போட்டு, கையைக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.