நான்கு பிளாக்குக்கு நடுவில் இடம் இருந்தும் யாரும் உட்காருவதில்லை

திருத்துறைப்பூண்டி பக்கம் குறைந்த விலை அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளமும் மூன்று மாடியுமாக நான்கு பிளாக். நடுவில் 60க்கு 40 அடி பொது இடம். குடிவந்து மூன்று வருடமாகிறது, இன்னும் பைக் நிறுத்தவும் துணி காயப்போடவும்தான் அது. சாயங்காலமானால் பெண்கள் மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். ஏறி இறங்குபவர்கள் பூக்கூடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சிமெண்ட் பெஞ்சு போட்டுப் பார்த்தோம். நிழலே கிடையாது, பொழுது சாய்ந்தும் சூடு இறங்காது. நிழலுக்கு நட்ட மரக்கன்றுகளை ஆடு மேய்ந்தது. கூண்டு வைத்து மறுபடி நட்டவை ஐப்பசி மழையில் வேரழுகிப் போயின. களிமண், கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் லேசில் வடியாது. செம்மண் கொட்டினோம், பள்ளம் இடம் மாறியதுதான் மிச்சம். தகரக் கூரைக்கு, 2018 கஜா புயலில் தகரம் பறந்ததைப் பார்த்த யாரும் சம்மதிக்கவில்லை. நியாயம்தான்.

சரி, படிக்கட்டு வாசலை ஒட்டியே திண்ணை கட்டலாம் என்றால், ஜன்னலடியில் கூட்டம் வேண்டாம் என்கிறார்கள் கீழ்வீட்டுக்காரர்கள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது.

இந்தப் பணத்தில் திண்ணையை எங்கே கட்டினால் ஆட்கள் வந்து உட்காருவார்கள்: வாசலை ஒட்டியா, மேடேற்றி நடுவிலா?